கடலைக் கொட்டகையில் பாடிய வருஷங்கள்

என் அக்காவைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லாரும் அவள் செத்த விதத்தைத்தான் கேட்கிறார்கள். அறுபத்திரண்டாம் வருஷம் எட்டுக் கிரகம் ஒன்று சேர்ந்தபோது, அன்னவாசல் பக்கத்தில் ஒரு ஆளை நம்பிப் பதினோரு பேர் செத்துப்போனார்கள். அந்தப் பதினோரு பேரில் என் அக்காவும் ஒருத்தி. அதையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முந்தின ஐந்து வருஷம் அந்த இடத்தில் நாங்கள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டால், ஏதோ புத்தி கெட்ட சனங்கள் கிணற்றில் விழுந்த கதை மாதிரி ஆகிவிடும். நாங்கள் அப்படி இல்லை.

அக்கா என்னைவிட ஐந்து வயசு மூத்தவள். புதுக்கோட்டை சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்த வருஷம் அவளை அரிமளத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் புருஷன் ஒரு செட்டியார் கடையில் வேலைக்கென்று மலாயாவுக்குக் கப்பலேறினான். கொஞ்ச நாள் தகவல் வந்தது, பிறகு நின்றுபோயிற்று. அங்கிருந்து திரும்பிய ஒருவர், அவனுக்கு அங்கே ஒரு குடும்பம், இரண்டு பிள்ளைகள் என்று வந்து சொன்னார். அக்கா எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள்.

கழுத்தில் தாலி இருந்தது. ஆனால் சுமங்கலி வரிசையில் யாரும் அவளை உட்காரவைக்க மாட்டார்கள். விதவை என்று ஒதுக்கவும் முடியவில்லை. என் கல்யாணத்தில் ஆரத்தி எடுக்கிற நேரம், அவள் ஆசையாகத் தட்டை எடுக்கப் போனாள். பெரியம்மா ஒருத்தி அவள் கையைப் பிடித்து, "நீ இங்கிட்டு இரு தாயி, அவங்க எடுக்கட்டும்" என்று மெதுவாகச் சொன்னாள். அக்கா சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய் வாழைக்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள். மணையில் உட்கார்ந்திருந்த நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவளை அழுமூஞ்சி என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் தெருவில் யார் எப்படி நடப்பார்கள் என்று நடந்து காட்டுவாள். தலையாரி நடப்பது போல அவள் நடந்தால் அம்மாகூடச் சிரித்துவிடுவாள். குரல் அப்படியொரு குரல். களையெடுக்கும்போது அவள் பாட ஆரம்பித்தால் பக்கத்து வயல்காரர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

எனக்குக் கல்யாணமாகி அன்னவாசலுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் வழியாக விராலிமலை போகிற வண்டி. அப்பா முன்னாலேயே போய்விட்டார், அடுத்த இரண்டு வருஷத்தில் அம்மாவும் கண்ணை மூடினாள். அக்கா என்னோடு வந்து இருந்தாள். எனக்குப் பிள்ளை இல்லை, அவளுக்குப் புருஷன் இல்லை. எங்கள் இரண்டு பேரையும் பற்றி ஊரில் பேச நிறையவே இருந்தது.

அந்த வருஷம் மார்கழியில்தான் நான் முதலில் சொன்ன அந்த ஆளைப் பார்த்தோம். ஏதோ நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தவராம். கம்பெனி கலைந்துபோன பிறகு இங்கேயே தங்கிவிட்டார். நாற்பது வயசு இருக்கும். ஒல்லியான உடம்பு, வெள்ளை வேட்டி, துவைத்துத் துவைத்துப் பழுத்துப்போன துண்டு. காவி கிடையாது, ஜடை கிடையாது. தன்னைச் சாமி என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நாங்கள்தான் ஐயா என்று கூப்பிட்டோம், பிறகு நாங்கள்தான் சாமி ஆக்கினோம்.

மார்கழி காலையில் கோயிலில் பஜனை சொல்லிக்கொடுத்தார். முதல் வாரம் முடிந்தபோது, "நாளைக்கு வெளக்கு யாரு ஏத்துறது?" என்று கேட்டார். எல்லாரும் ஊரில் மூத்த சுமங்கலி ஒருவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐயா தூணோரம் உட்கார்ந்திருந்த என் அக்காவைக் காட்டி, "அந்த அம்மா ஏத்தட்டும்" என்றார்.

யாரோ தயங்கித் தயங்கி, "அவங்க வேண்டாங்கய்யா, அவங்க வந்து..." என்று இழுத்தார்கள்.

"யாரு ஏத்துறான்னு வெளக்கு கேக்குதா? திரி எரிஞ்சாப் போதும்மா" என்றார்.

மறுநாள் அக்கா விளக்கேற்றினாள். தீக்குச்சி அணைந்து அணைந்து போனது. பஜனை முடிந்து திரும்பி வந்தோம். வீட்டுப் படி ஏறும்போது நின்று, "ஏண்டி, நாந்தானே வெளக்கு ஏத்துனேன்?" என்றாள்.

"நீதாங்க்கா" என்றேன்.

பஜனைக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் அவர் டீக்கடையில் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தார் என்பது பின்னால் கோர்ட்டில்தான் எனக்குத் தெரிந்தது. யாருக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்துகொண்டுதான் தொட்டிருக்கிறார். அது தெரிந்த பிறகும் அந்தக் காலையை என்னால் வெறுக்க முடியவில்லை. அக்காவின் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

மார்கழி முடிந்த பிறகும் பாட்டை நிறுத்த யாருக்கும் மனசு வரவில்லை. புதுக்கோட்டை ரோட்டில் ஊரைத் தாண்டி ஒரு பெரிய கொட்டகை இருந்தது. திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பம் ஒன்று கடலை மூட்டை அடுக்குவதற்காகக் கட்டியது. அவர்கள் பட்டணத்துக்குக் குடிபோன பிறகு சும்மா கிடந்தது. ஐயா கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். பெண்களும் ஆண்களுமாகச் சேர்ந்து ஒட்டடை அடித்து, தரை மெழுகி, சுண்ணாம்பு பூசினோம். எவ்வளவு பூசினாலும் கடலை வாசனை மட்டும் போகவில்லை. மழை பெய்தால் சுவரிலிருந்து கிளம்பி வரும். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்துக்கு மேலே நாங்கள் தொண்டை கிழியப் பாடுவோம். ஒருத்தர் பாடுவது இன்னொருத்தருக்குக் கேட்காது. ஆனாலும் முடிக்கிற இடத்தில் எல்லாரும் சேர்ந்து முடிப்போம், பிறகு சேர்ந்து சிரிப்போம்.

பாட்டு முடிந்தால் சாப்பாடு. கொட்டகையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை ஒரே வரிசை. பூக்கட்டி விற்கிற அம்மா ஒருவர், ஒரு நெசவாளியும் அவர் மனைவியும், துணி வெளுக்கிறவர்கள், நிலம் வைத்திருக்கிற வீட்டுப் பெண்கள் என்று எல்லாரும் யார் பக்கத்தில் இடம் இருக்கிறதோ அங்கே உட்கார்ந்தோம். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் அப்படி ஒரு வரிசையை வேறெங்கும் பார்த்திருக்க முடியாது. சமையல் அக்காவுடையது. அவள் வைக்கிற ரசத்தைக் கையில் ஊற்றிக் குடிப்பார்கள். கொஞ்ச நாளில் அவள் கொட்டகையிலேயே தங்கிக்கொள்வதாகச் சொன்னபோது என்னால் வேண்டாமென்று சொல்ல முடியவில்லை. அங்கே அவளுக்கு ஒரு வேலை இருந்தது, அவளைத் தேடுகிற ஆட்கள் இருந்தார்கள். சாயங்காலம் நான் என் வீட்டுக்காரர் பஸ்ஸிலேயே போய் இறங்குவேன். அவர் எனக்கும் டிக்கெட் கிழிப்பார். "பொண்டாட்டிக்குமாய்யா டிக்கெட்டு?" என்று யாராவது கேட்டால், "செக்கிங் வந்தா பொண்டாட்டியா வந்து பதில் சொல்லுவா?" என்பார்.

ஒரு பங்குனியில் எல்லாரும் சித்தன்னவாசலுக்கு நடந்து போனோம். விடிவதற்கு முன்னால் சோறு வடித்துப் புளியோதரை கிளறி, பொட்டலம் கட்டிக்கொண்டோம். குகையில் மேல்சுவரில் தாமரைக் குளம் எழுதியிருப்பார்கள். மீனும் வாத்தும் எருமையும், பூப்பறிக்கிற ஆட்களுமாக இருக்கும். அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்று, "இந்த எருமை நம்ம வீட்டு எருமை மாதிரியே முறைக்குதுடி" என்றாள்.

அங்கிருந்து பாறை விளிம்போரமாக இன்னொரு குகைக்கு ஏறினோம். அந்தக் காலத்துச் சமணத் துறவிகள் படுத்த கல் படுக்கைகள் அங்கே இருக்கின்றன. தலைமாட்டில் தலையணை போலக் கல்லையே மேடாக விட்டிருப்பார்கள். படுத்துப் படுத்துக் கல் வழுவழுவென்று ஆகியிருந்தது. ஐயா ஒரு படுக்கையைத் தடவிக்கொண்டே, "இங்க படுத்தவங்க பட்டினி கெடந்தே போனவங்க. தங்களோட நாளைத் தாங்களே குறிச்சுக்கிட்டாங்க. எமனுக்கு வேலை வைக்கலை" என்றார்.

நெசவாளி, "ஏங்கய்யா, அவங்களுக்கெல்லாம் புள்ள குட்டி இல்லையாக்கும்?" என்று கேட்டதும் எல்லாரும் சிரித்தோம். ஐயாவும் சிரித்தார். அக்கா ஒரு படுக்கையில் ஏறிப் படுத்துக்கொண்டு, "என்னா குளிர்ச்சிங்கிற. இங்கயே ஒரு தூக்கம் போட்டுட்டு வாரேன், நீங்க போங்க" என்றாள். நான் காலைப் பிடித்து இழுத்து எழுப்பினேன். கீழே மர நிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். ஐயா வாயில் சாவுப் பேச்சு முதலில் வந்தது அன்றைக்குத்தான் என்று இப்போது தெரிகிறது. ஆனால் என் ஆயுசில் ஒரு நாளைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், நான் அந்த நாளைத்தான் கேட்பேன்.

எப்போது மாறியது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மனசை இறக்கிவைப்பது என்று ஐயா ஒன்று ஆரம்பித்தார். ஒவ்வொருவரும் எழுந்து தங்கள் மனசில் இருப்பதை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சொல்லி அழுதால் பாரம் இறங்கியது உண்மை. நான் பிள்ளையில்லாத கதையைச் சொன்னேன். பூக்கார அம்மா, கல்யாணத்துக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொன்னார். அது அவர் மகனுக்குக்கூடத் தெரியாத விஷயம். சில மாசம் கழித்து, மகனோடு போய் இருக்கப்போகிறேன் என்று அவர் கிளம்பியபோது, ஐயா அந்தக் கதையை எடுத்து, ரொம்பப் பரிதாபமாகப் பேசுவது போல, "இதைக் கேட்டா அந்தப் புள்ள மனசு என்ன பாடுபடும்மா" என்றார். அந்த அம்மா மூட்டையை அவிழ்த்து வைத்துவிட்டார்.

ஐயா அதட்டவே மாட்டார். அவர் கோபமெல்லாம் பார்க்காமல் இருப்பதுதான். ஒரு தடவை அக்கா வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கப் போய்விட்டுத் திரும்பினாள். பல நாள் அவர் அவள் பக்கமே திரும்பவில்லை. அவள் ஊற்றிய ரசத்தை இலையில் தொடாமல் விட்டார். அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் ஒரு காலையில், "என்னம்மா, மெலிஞ்சு போயிட்ட?" என்று ஒரு வார்த்தை கேட்டார். அவ்வளவுதான், அவள் குழந்தை மாதிரி அழுதாள். அதற்குப் பிறகு அவள் வெளியே எங்கேயும் போகவில்லை.

பிறகு சாப்பாட்டில் உப்பை விடச் சொன்னார். மருந்து வேண்டாமென்றார். வெளியே இருக்கிறவர்களோடு அதிகம் பேச வேண்டாமென்றார். ஒவ்வொன்றும் அதற்கு முந்தினதைவிடக் கொஞ்சமே கொஞ்சம் அதிகம். உப்பில்லாத ரசத்தையும் நாங்கள் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடித்தோம்.

என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "அந்த ஆளு பேசறப்ப நீங்கள்லாம் கண்ணை இமைக்க மாட்டேங்கிறீங்க, பாத்தாலே ஒரு மாதிரி இருக்கு" என்பார். ஆனால் அறுபத்தொன்றில் எனக்கு வயிற்றில் தங்கியது. கல்யாணமாகி ஆறு வருஷத்துக்குப் பிறகு. ஐயா எல்லார் முன்னாலும் என்னை நிறுத்தி, "மனச இறக்கி வச்சதுக்குக் கெடச்சது" என்றார். அதற்கு மேல் என் வீட்டுக்காரராலும் வாயைத் திறக்க முடியவில்லை. ஒருவேளை நிஜமாக இருக்குமோ என்ற பயம் அவருக்கும் இருந்தது.

அடுத்து வந்த தை மாதத்தில் எட்டுக் கிரகமும் ஒரே ராசியில் சேரப்போகிறது என்று பேப்பரில் எல்லாம் வந்தது. ஊர் ஊராக யாகம் நடந்தது. பூமி வெடிக்கும் என்றார்கள், கடல் பொங்கிப் புதுக்கோட்டை வரைக்கும் வரும் என்றார்கள். சிலர் வளர்த்த ஆட்டையெல்லாம் அடித்துத் தின்றுவிட்டார்கள். பஸ்ஸில் ஆளே இல்லை. எல்லாருக்கும் பயம்தான். ஆனால் மற்றவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு வீட்டில் இருந்தார்கள். எங்களுக்கு ஐயா வேறு வழி சொன்னார்.

"உலகம் எரியறப்ப நாம அதுல இருக்கக் கூடாது. அதுக்கு முந்தியே பாட்டோட பாட்டா அக்கரைக்குப் போயிரணும்."

சாவு என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. அக்கரை என்றார், போகிறது என்றார். கண்ணை மூடிப் பாடும்போது உடம்பு மறந்துபோகுமே, அதைத்தான் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். அந்தச் சில நாள் எல்லாரும் கொட்டகையில் வந்து தங்க வேண்டும், கேட்டைப் பூட்டிக்கொண்டு விரதம் இருக்க வேண்டும் என்றார். வீட்டுக்காரர் எவ்வளவோ சொன்னார். நான் கேட்கவில்லை. எட்டு மாச வயிற்றோடு மாற்றுச் சேலை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பிள்ளையைக் கொடுத்தவர் காப்பாற்ற மாட்டாரா என்பதுதான் என் எண்ணம்.

விரதம் தொடங்குவதற்கு முந்தின நாள் காலை. எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தோம். அக்கா பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"ஐயா, ஒரு சந்தேகங்க."

"சொல்லும்மா."

"நாளைக்கு எடுக்கப்போற வெரதத்தை அவங்கவங்க மனசார எடுக்கணும்னு சொன்னீங்க. ஒருத்தருக்காக இன்னொருத்தர் எடுக்கக் கூடாதுன்னு."

"ஆமா."

"அப்ப இவ வயித்துல இருக்குற புள்ளையோட மனசை யாருங்கய்யா கேக்கிறது?"

ஐயா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சட்டென்று பதில் வராமல் போனதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"என்ன செய்யலாங்கிற?"

"அனுப்பிரலாங்க. ஒரு சீவன் சம்மதம் இல்லாம இருந்தா, எல்லாரு வெரதமும் பழுதாயிரும்ல?"

அவருடைய பேச்சையே எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டாள். மறுத்தால் தன் பேச்சைத் தானே மறுத்ததாகும். "சரி, பஸ் ஏத்திவிட்டுட்டு வா" என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எல்லார் முன்னாலும் என்னைத் தள்ளிவைத்த மாதிரி இருந்தது. கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் நின்று, "ஒனக்கு நான் என்னக்கா கெடுதல் பண்ணுனேன்?" என்று கேட்டேன்.

அக்கா முந்தானையிலிருந்து ஒரு சின்ன ஜாடியை எடுத்து என் கையில் வைத்தாள். நார்த்தங்காய் ஊறுகாய். மசக்கையில் நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உப்புப் போட்டதா?" என்றேன்.

"பின்னே, உப்புப் போடாம ஊறுகாயாடி?"

அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். உப்பையே தொடக் கூடாத இடத்தில் அதை எங்கே வைத்து ஊறப்போட்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வந்தது என் வீட்டுக்காரர் பஸ்தான். அக்கா அவரிடம், "தம்பி, புள்ள பொறக்குற வரைக்கும் இவளை இங்கிட்டு விடாதீங்க. அழுதாலும் விடாதீங்க" என்றாள்.

"நீங்களும் ஏறுங்கக்கா. நம்ம வீட்டுல வந்து இருங்க."

"ஒலை கொதிக்குது தம்பி. நான் போறேன்" என்று சொல்லிவிட்டு, என் கன்னத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு உள்ளே போனாள். பஸ் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். கேட்டை உள்ளேயிருந்து சாத்திக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் போகவர ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரர் அந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாராம். இரண்டு நாள் பாட்டுச் சத்தம் இருந்தது. மூன்றாம் நாள் காலை இல்லை. கொட்டகையில் வளர்த்த பசு மட்டும் கறக்க ஆளில்லாமல் கத்திக்கொண்டிருந்தது. டிரைவரை நிறுத்தச் சொல்லி, பஸ்ஸில் இருந்த ஆட்களோடு போய்க் கேட்டை உடைத்தார்.

வீட்டுக்கு அவர் வந்தபோது டிக்கெட் பை தோளிலேயே தொங்கியது. அந்த நேரத்துக்கு அவர் வீட்டுக்கு வந்ததே இல்லை. வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். வாங்கவில்லை.

"அக்கா?" என்று கேட்டேன்.

தலையை மட்டும் ஆட்டினார்.

விரதத்தின் கடைசியில் ஐயா தீர்த்தம் என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அதில் என்ன கலந்திருந்தது என்று கோர்ட்டில் சொன்னார்கள், நான் அதை எழுத மாட்டேன். பதினோரு பேர் போனார்கள். நெசவாளியும் அவர் மனைவியும் அதில் உண்டு. சிலர் ஆஸ்பத்திரியில் பிழைத்தார்கள். பூக்கார அம்மா பிழைத்தார். ஐயா மட்டும் அங்கே இல்லை. எல்லாரும் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தபோது பின்சுவர் ஏறிக் குதித்துப் போய்விட்டார். எட்டுக் கிரகமும் சேர்ந்து, விலகி, தங்கள் வழியில் போய்விட்டன. மறுநாள் அன்னவாசலில் கடை திறந்தார்கள், பஸ் கூட்டமாக ஓடியது.

பிள்ளைத்தாச்சி பார்க்கக் கூடாது என்று என்னைக் கடைசிவரை விடவில்லை. எல்லாக் காரியமும் என் வீட்டுக்காரரே செய்தார். மாசியில் மகள் பிறந்தாள். மருத்துவச்சி குழந்தையை என் பக்கத்தில் போட்டபோது, நான் அக்காவைத் தேடிக் கதவுப் பக்கம் பார்த்தேன். பிறகுதான் நினைவு வந்தது.

மணப்பாறை பக்கத்தில் ஒரு சத்திரத்தில் ஐயாவைப் போலீஸ் பிடித்தது. திருச்சி கோர்ட்டில் கேஸ் நடந்தது. கைக்குழந்தையோடு என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். கூண்டில் அவர் அதே வெள்ளை வேட்டியோடு நின்றார். என்னைப் பார்த்ததும் குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். நான் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், ஒரு விநாடி எனக்கும் பதிலுக்குச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. அவ்வளவு பழக்கம்.

அவருடைய வக்கீல் கேட்டார்: "இவர் உங்களை எப்போதாவது கட்டாயப்படுத்தினாரா?"

"இல்லீங்க."

"அடித்தாரா? மிரட்டினாரா?"

"இல்லீங்க."

"அப்படியென்றால் எல்லாரும் தாங்களாக விரும்பித்தானே அங்கே இருந்தீர்கள்?"

குழந்தை சிணுங்கியது. தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "கட்டாயப்படுத்துற ஆளா இருந்திருந்தா நாங்க யாரும் போயிருக்க மாட்டோங்க" என்றேன். ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். ஐயாவைச் சிறைக்கு அனுப்பினார்கள். அங்கேயே செத்துப்போனார் என்று சில வருஷம் கழித்துக் கேள்விப்பட்டேன். எனக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

பூக்கார அம்மாவை நான் பல நாள் பார்க்காமல் இருந்தேன். அவரும் என்னைக் கண்டால் வேறு பக்கம் போய்விடுவார். மகளுக்கு மூன்று வயசு நடக்கும்போது, அன்னவாசல் சந்தையில் நேருக்கு நேராக அகப்பட்டுக்கொண்டோம். மகள் அவர் கூடையில் கையை விட்டு ஒரு கொத்துக் கனகாம்பரத்தை எடுத்துவிட்டாள். நான் அதட்டினேன்.

"இருக்கட்டும்மா, வச்சுக்கிறட்டும்" என்று சொல்லி, அவரே மகளின் தலையில் பூவை வைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்க்காமலே, "ஒங்கக்கா மாதிரி மூக்கு" என்றார்.

நான் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பூவைத் தொடுத்துக்கொண்டே பேசினார்.

"நீ போன அன்னிக்கு அடுப்படியில நான் கேட்டேம்மா. தங்கச்சிய ஏன் அப்படி வெரட்டிவிட்டேன்னு. அவ சொன்னா, 'அக்கரைன்னா என்னன்னு அவளுக்கு வெளங்கலை. எனக்கு வெளங்கிருச்சு. அதான் அனுப்புனேன்'னு."

"தெரிஞ்சுமா அவ இருந்தா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'வெளங்கிருச்சுன்னா நீயும் போயிர வேண்டியதுதானே'ன்னேன். 'எங்க போறது? வெளிய நான் யாரு?'ன்னா. அப்புறம், 'ஐயா சொல்றது நெசமாத்தான் இருக்கும்'னும் சொன்னா. ரெண்டையும் சொன்னாம்மா."

அன்று முழுவதும் எனக்கு அதே நினைப்பாக இருந்தது. தன் விஷயத்தில் அக்கா ஐயாவைக் கடைசிவரை நம்பியிருக்கிறாள். என் விஷயத்தில் மட்டும் அவளால் நம்ப முடியவில்லை. உலகம் எரியப்போகிறது என்று நம்பிக்கொண்டே, அந்த உலகத்தில் பிள்ளை பெறச் சொல்லி என்னைப் பஸ் ஏற்றிவிட்டிருக்கிறாள்.

சந்தை கலைகிற நேரத்தில் பூக்கார அம்மா, "ஒரு நாளைக்கு வீட்டுக்கு வாயேன்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை போனேன். முதல் தடவை ஒன்றும் பேசவில்லை, மோர் குடித்துவிட்டு வந்தேன். அடுத்த தடவை அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "தகரத்துல மழை பெய்யுமே, ஞாபகம் இருக்கா?" என்றார். அப்புறம் பேச்சு நிற்கவில்லை. நெசவாளி தாளத்தை விட்டுவிட்டு முழிப்பது, சோற்று வரிசையில் யார் எத்தனை தடவை ரசம் வாங்குவார்கள், சித்தன்னவாசல் போன வழியில் யாருடைய செருப்பு அறுந்தது என்று எல்லாம் வந்தது. வெளியே யாரிடமும் அதையெல்லாம் பேச முடியாது. அங்கே சந்தோஷமாக இருந்தோம் என்று சொன்னால், இன்னும் புத்தி தெளியவில்லையா என்று கேட்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் மெதுவாக ஒரு பாட்டை முணுமுணுத்தார். சட்டென்று நிறுத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். அது அந்த ஆள் சொல்லிக்கொடுத்த பாட்டு. ஆனால் அவர் கட்டிய பாட்டு இல்லை. அதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்னாலிருந்து எங்கள் பக்கத்தில் மார்கழியில் பாடி வந்தது. எங்கள் அம்மாவும் பாடுவாள். நான் அடுத்த அடியை எடுத்தேன். இரண்டு பேரும் குரலை அடக்கி, கதவைச் சாத்திக்கொண்டு பாடினோம். மகள் புரியாமல் கையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

கூட்டிப்போக வந்த என் வீட்டுக்காரர் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்குத் தெரியாது. பாட்டு முடிந்து கதவைத் திறந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். என்ன சொல்வாரோ என்று நின்றேன்.

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, பாயில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"கடைசி அடியில ரெண்டு பேருக்கும் தாளம் தப்புது" என்றார். "இன்னொரு தடவை பாடுங்க."